மலைப்பக்கம் உட்கார்ந்தவர்

புதிதாக ஆய்வுப் பணிக்கு வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் நிறுத்தமாட்டோம், நீங்கள் மேசைக்கடியில் கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பீர்கள். அதனால் பேச்சு வேண்டாம், எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிடிக்காவிட்டால் பக்கத்தைத் திருப்பிவிடலாம். என் மனம் நோகாது.

நான் எழுதப்போவது ஒரு வாழைப்பழக் குவியலைப் பற்றி. சிரிக்க வேண்டாம். ஒருவர் கண்ட முடிவை இன்னோர் இடத்தில் திரும்பச் செய்து பார்க்கும்போது அது 'வந்தது' என்றால் என்ன, 'வரவில்லை' என்றால் என்ன என்று பல வருடம் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தக் குவியலைப் பார்த்த பிறகு அந்தப் பாடத்தைப் பழைய மாதிரி நடத்த என்னால் முடியவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. மலர்விழி என்று ஓர் ஆராய்ச்சி மாணவி. கீழ்பென்னாத்தூரில் நெல்லும், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போடுகிற குடும்பத்துப் பெண். சென்னைக்குப் போய் உளவியல் படித்து, முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். முதன்மை வழிகாட்டி சென்னையில் இருந்தார். நான் இரண்டாவது வழிகாட்டி. முதன்மையானவர் கையெழுத்துப் போடுவார், இரண்டாமவர் குறை சொல்லுவார். எனக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும்.

மலரின் முதல் ஆய்வு சென்னையில் ஒரு புறநகர் ரயில் நிலையத்துப் படிக்கட்டில் நடந்தது. உரிய அனுமதிகள் எல்லாம் வாங்கித்தான். எங்கள் ஆள் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு, உடம்பு முடியாதவர்போல அங்கே உட்கார்ந்திருப்பார். சில சமயம் அவரை அப்படியே விட்டுவிடுவார்கள். சில சமயம் குழுவில் இன்னொருவர் வழிப்போக்கரைப்போல வந்து, குனிந்து, "என்ன பண்ணுது?" என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போவார். இப்படி ஒருவர் முதலில் கேட்டுவிட்டால் அடுத்து வருகிறவர்களும் நின்று கேட்கிறார்கள். முதலில் கேட்க ஆளில்லை என்றால் எல்லோரும் கடந்து போகிறார்கள். இதுதான் அவள் கண்டது. கேட்டவுடன் 'அட, நாமும் அப்படித்தானே' என்று தோன்றுகிற முடிவு. அப்படித் தோன்றுகிற முடிவைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். பிறவிக் குணம்.

இந்த விஷயம் எப்படியோ, திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலில் ஓர் அரசு அதிகாரியின் காதுக்குப் போனது. பௌர்ணமிக் கிரிவலத்தில் யாராவது மயங்கி உட்கார்ந்துவிட்டால், அது பிறர் கண்ணில் படவே நேரமாகிவிடுமோ என்று அவருக்குக் கவலை. பாதை நெடுகத் தன்னார்வலர்களை நிறுத்தி, உட்கார்ந்திருப்பவர்களை அவர்கள் முதலில் விசாரித்தால், கூட்டமும் விசாரிக்கத் தொடங்குமா என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை.

"ஆனா அது மெட்ராஸ்ல நடந்ததுங்க மேடம். அது ஆபீசுக்கு ஓடற கூட்டம். இது சாமி கும்புட வர்ற கூட்டம். ரெண்டும் ஒண்ணாங்க?"

எங்கள் துறையில் இந்தக் கேள்விக்குப் புறப் பொருத்தம் என்று பெயர் வைத்து, அதற்குள் பல வகை பிரித்து, மாணவர்களை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அந்த மனிதர் ஒரு வாய் காப்பி குடித்துக்கொண்டே கேட்டுவிட்டார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

மலருக்கும் மகிழ்ச்சிதான். சொந்த ஊர்ப் பக்கம் ஆய்வு, கடைசி அத்தியாயத்துக்குச் சரக்கு. அவசரமும் இருந்தது. திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் இடம் அவளுக்குக் கிட்டத்தட்ட உறுதியாகியிருந்தது. குறித்த தேதிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அவள் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். அந்த வேலை கிடைத்தால் தினமும் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். அவள் அதை அடிக்கடி சொல்லமாட்டாள். ஆனால் ஒரு முறை சொன்னதே எனக்கு மறக்கவில்லை.

எதை அளப்போம், எது நடந்தால் 'வந்தது' என்போம் என்று முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்தோம். யாராவது நின்று, வாய் திறந்து விசாரித்தால் உதவி. இல்லையென்றால் உதவி இல்லை. ரயில் நிலையத்தில் வைத்த அதே விதி. முன்கூட்டியே எழுதுவது ஏன் என்று உங்களில் சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பார்த்த பிறகு விதியை எழுதினால் எல்லாச் சோதனையும் ஜெயிக்கும். நம்மைவிடச் சாமர்த்தியமாக நம்மை ஏமாற்ற யாராலும் முடியாது.

இனி இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரிவலம் போகிறவர்களுக்கு மலை எப்போதும் வலப்பக்கம் இருக்கும். நடப்பது சாலையின் இடப்பக்கம். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் நடக்கும் பக்கம் என்று விட்டுவிடுவது வழக்கம். கூட்டம் பிதுங்கும்போது மீறல் நடக்குமே தவிர, மனதில் அந்தக் கோடு இருக்கும். அடி அண்ணாமலை ஊரைத் தாண்டியதும் மலைப்பக்கத்தில் ஒரு புங்கமரம். நேர் எதிரே டீக்கடை. மரத்தடியில் ஆளை உட்காரவைத்தால் கூட்டத்தில் மிதிபடமாட்டார், நிழலும் உண்டு, கடையிலிருந்து நாங்கள் பார்க்கவும் வசதி. எல்லோருக்கும் அது நல்ல இடமாகத்தான் பட்டது. சின்ன வயசிலிருந்து அந்தப் பாதையில் நடந்த மலருக்கும்கூட.

உட்கார வேண்டியவன் தரணேந்திரன். மலரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தவன், சுருக்கமாகத் தரணி. வந்தவாசிப் பக்கம் பல தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் தமிழ்ச் சமணக் குடும்பம். கிரிவலம் வந்ததில்லை. நன்றாக நடிப்பான், நல்ல அடர்த்தியான தாடி. பேண்ட் சட்டையில் உட்கார்ந்தால் ஒட்டாது என்று மலர் சொன்னதால் வேட்டி கட்டி, தோளில் ஒரு துண்டு போட்டுக்கொண்டு வந்தான்.

அன்று பௌர்ணமி மதியமே பிறந்துவிட்டது. வெயில் தாழ்ந்ததும் சாலை நிறைய ஆட்கள். தரணி மரத்தில் சாய்ந்து, கண்ணை மூடி, தலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல முனகினான். நானும் மலரும் அவளுடைய இரண்டு தோழிகளும் எதிரே டீக்கடையில். தோழிகளில் ஒருத்தி அவ்வப்போது எழுந்து போய்க் குனிந்து, சென்னையில் கேட்டதைப்போலவே மெல்லக் கேட்டுவிட்டு வருவாள். மற்ற நேரம் தரணி தனியாக இருப்பான். நாங்கள் குறித்துக்கொண்டே இருந்தோம். பொழுது போகப்போக மலரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. தோழி கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, விசாரித்தவர் என்று சொல்ல ஆளே இல்லை.

"என்ன மேடம் இது, நம்ம ஊர்க்காரங்க இவ்ளோ கல்நெஞ்சமா?" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

எனக்கு வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அப்போது நடுவில் போன கூட்டம் கொஞ்சம் விலகியது. தரணி ஒரு கையை எங்களைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தான். சோதனையில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. சாலையைக் கடந்து போனோம்.

அவன் முன்னால் வாழைப்பழங்கள். போய்வந்த தோழி அதைப் பார்த்துத்தான் இருக்கிறாள், தாளில் அதற்குக் கட்டம் இல்லாததால் சொல்லவில்லை. அதோடு தண்ணீர் பாட்டில்கள், ஒரு பொட்டலம் புளியோதரை, உதிரிப் பூ, சில்லறைக் காசு. நெற்றியில் யாரோ பட்டையாகத் திருநீறு பூசிவிட்டிருந்தார்கள்.

"என்னை மொதல்ல எழுப்பி வுடுங்க மேடம்" என்றான். "காலைத் தொட்டுக் கும்புட்டுனு போறாங்க. நான் தலை வலிக்குதுன்னு முனகினா, மந்திரம் சொல்றேன்னு கேட்டுனு நிக்கறாங்க. ஒரு அம்மா கொழந்தைய மடியில போட்டுட்டு, துன்னூறு வெச்சு வுடுங்க சாமின்னு ஒரே அழுகை. நான் என்னா பண்ணுவேன், வெச்சு வுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

"சிரிங்க, சிரிங்க" என்று சொல்லிவிட்டு அவன் ஒரு பழத்தை உரித்தான். "பொழுது சாஞ்சா எங்க வீட்டுல சாப்புட மாட்டோம். அதுக்குள்ள ரெண்டு பழமாவது உள்ள போவட்டும்."

மலைப்பக்கம், மரத்தடி, தாடி, வேட்டி, மூடிய கண். அந்தப் பாதையில் இத்தனையும் சேர்ந்தால் அது நோயாளி இல்லை, சாமியார். அங்கே நடக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். மலருக்கும் தெரியும். ஆனால் கையில் ஆய்வுத் தாளைப் பிடித்ததும் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செருப்போடு சேர்த்து எங்கேயோ கழற்றி வைத்தாயிற்று. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வேலை பார்க்கிறோம்.

மறுநாள் காலையில் மலரிடமிருந்து போன். குரலில் துள்ளல்.

"மேடம், வந்துடுச்சு!"

கடையில் ஒரு கேமராவும் வைத்திருந்தோம். அதில் பழம் வைத்தவர்கள், தண்ணீர் வைத்தவர்கள் எல்லோரையும் உதவி செய்தவர்களாகச் சேர்த்து அவள் திரும்ப எண்ணியிருக்கிறாள். அப்படிப் பார்த்தால் சென்னை முடிவு அச்சு மாறாமல் வந்துவிட்டது. தோழி குனிந்து கேட்டுவிட்டுப் போன பிறகுதான் பழம் அதிகமாக விழுந்திருக்கிறது.

"உதவின்னா வாயைத் தொறந்து கேக்கணும்னு நாமதான் தப்பா அளந்துட்டோம் மேடம். கிரிவலத்துல பாதிப்பேரு மௌனமா நடப்பாங்க. எங்க ஊர்ல கஷ்டப்படறவங்க முன்னாடி சத்தம் போடாம வெச்சுட்டுப் போறதுதான் மரியாதை. அதை உதவியில்லைன்னு எழுதறது அநியாயம்."

அவள் சொன்னதில் தவறே இல்லை. எனக்குச் சங்கடமே அதுதான். முட்டாள்தனமான யோசனையாக இருந்தால் தள்ளிவிடலாம். இது நல்ல யோசனை, தேவையான நேரத்தில் தேவையான முடிவோடு வந்து நிற்கிறது. இந்த மாதிரி விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

கேமராப் பதிவை வாங்கி நான் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். தோழி குனிகிறாள். பின்னால் வந்த ஒரு குடும்பம் அதைப் பார்க்கிறது. அந்த அம்மாள் சாலையைக் கடந்து வந்து இன்னும் ஆழமாகக் குனிந்து, பழத்தை வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறாள். அவளைப் பார்த்து அடுத்தவர். படிக்கட்டில் விசாரிப்பாக இருந்த அதே குனிதல் இங்கே வணக்கமாக மாறியிருக்கிறது. எண்ணிக்கை மட்டும் சென்னையைப்போலவே வந்திருக்கிறது, உள்ளே இருக்கும் சரக்கு வேறாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். கன்னத்தில் போட்டுக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். பாவம் என்று வைத்தார்களா, சாமி என்று வைத்தார்களா? படத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. வைத்தவர்களையே கேட்க வேண்டும். அதற்கு அடுத்த பௌர்ணமி வரவேண்டும். மலர் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய தேதி அதற்கு முன்பே வந்துவிடும்.

சென்னை வழிகாட்டியிடம் போனில் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "பழத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. கீழே ஒரு பத்தி விளக்கம் போட்டாப் போதும். வரலை, ஏன்னும் தெரியலைன்னு ஒரு அத்தியாயம் கொண்டுவந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று முடித்துவிட்டார்.

மலரை நான் திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் பார்த்தேன். அப்பாவுக்கு மாத்திரை வாங்க வந்திருந்தாள்.

"நீங்க என்ன மேடம் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியல மலர்" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. வேலையை விட்டுவிடு என்று சொல்ல நான் யார்?

அவளுக்குக் கோபம் வந்தது. "இன்னும் கொஞ்ச நாள்ல நீங்க ரிட்டையர் ஆகி வீட்டுக்குப் போயிடுவீங்க. தெரியலைன்னு சொல்லிட்டுப் போகலாம். எனக்கு இப்பத்தான் ஆரம்பம். நான் தெரியலைன்னு சொன்னா யாரு வேலை குடுப்பாங்க?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் ஒரு விஷயம் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. அறிவுரையாக இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டேன்.

"ஒண்ணு சொல்லு. நீ ஆய்வு எதுவும் பண்ணல. வீட்டு ஆளுங்களோட கிரிவலம் வர்ற. தரணிய உனக்குத் தெரியாது. அந்த மரத்தடியில அவனைப் பாத்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"பழம் வெச்சிருப்பேன்."

"எதுக்கு?"

கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து நின்றது. ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவள் ஏறவில்லை. பஸ் கிளம்பியதும், "சாமின்னு நெனச்சுத்தான்" என்றாள். பிறகு என்னிடம் விடைபெறாமல் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரமே வேங்கிக்காலில் அதிகாரியைப் பார்க்க வேண்டியிருந்தது. மலர் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. நேரே உட்கார்ந்து, "நாங்க முன்னாடி எழுதி வெச்ச விதிப்படி முடிவு வரலைங்க சார். விதியை மாத்தினா வருது. ஆனா மாத்தினதுக்கு அப்புறம் வந்தது என்னன்னு எங்களுக்கே தெரியல" என்றாள்.

"தெரியலைனு சொல்றதுக்கா இத்தினி பேரு கேமராலாம் வெச்சுனு உக்காந்தீங்க?" என்றார் அவர். "சரிம்மா, பழம் வெக்கறாங்க இல்ல? ஜனங்களே பாத்துக்கறாங்கன்னு நான் எடுத்துக்கலாமா? வாலண்டியர் வேணாம், அப்படித்தானே?"

"அப்படி எடுத்துக்காதீங்க சார். அடுத்த பௌர்ணமி வரைக்கும் டைம் குடுங்க."

அவர் கொடுத்தார். சென்னை வழிகாட்டி கொடுக்கவில்லை. கல்லூரியும் கொடுக்கவில்லை. தேதி தாண்டியது, அந்த இடத்துக்கு வேறொருவர் சேர்ந்தார். மலர் அதை எனக்கு ஒரே வரியில் தகவலாக அனுப்பினாள். பஸ் நிலையத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. இப்போதும் சில நாள் தோன்றும். நேர்மையாக இருந்தால் எல்லாம் கூடிவரும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வேலை போனது போனதுதான்.

அடுத்த பௌர்ணமிக்கு இரண்டு தோழிகளையும் பாதையில் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்துவது என்று முடிவு செய்தோம். பழம் வைத்துவிட்டு வருகிறவர்களிடம், மரத்தடியில் இருப்பவர் யார் என்று நினைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். கேள்வியையும் பதிலைப் பிரிக்கும் விதத்தையும் முன்பே எழுதிப் பதிவு செய்தாள் மலர். இந்த முறை காலையிலேயே போனோம். இரவெல்லாம் நடந்தவர்கள் முடிக்கும் நேரம், புதிதாக வருகிறவர்கள் தொடங்கும் நேரம்.

டீக்கடை வாசலில் இறங்கியதும் தரணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"மேடம், நம்ம எடத்த வேற யாரோ புடிச்சுட்டாங்க."

புங்கமரத்தடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காவி வேட்டி, வெற்றுடம்பு, கழுத்தில் உருத்திராட்சம். மரத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். முன்னால் பழங்கள், தண்ணீர் பாட்டில், பூ.

அவராக எழுந்து போகட்டும் என்று ஆளுக்கொரு டீ வாங்கிக்கொண்டு காத்திருந்தோம். சாமியாரை எழுப்பி, நாங்கள் ஒருவரை மயங்கியவர்போல உட்காரவைக்க வேண்டும், கொஞ்சம் நகருங்கள் என்று எப்படிச் சொல்வது? ஒரு பெண் வந்து பழம் வைத்துவிட்டுப் போனாள். ஒரு பெரியவர் தண்ணீர் பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"பாரு, முதல்ல கேக்க ஆளே இல்லாம பழம் எப்படி விழுதுன்னு" என்று தரணி மலரிடம் சொன்னான். மலர் அவரையே பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த மனிதரின் கை தரையில் கிடந்தது. அது மெல்ல பாட்டில் பக்கம் நகர்ந்தது. தொடுவதற்குள் விழுந்துவிட்டது. மறுபடியும் நகர்ந்தது, மறுபடியும் விழுந்தது. காலை வெயில் ஏறவே இல்லை, அவர் நெற்றித் திருநீறோ வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது.

மலர் டீ டம்ளரை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினாள். நடந்துகொண்டிருந்தவர்களை இடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். குனியவில்லை. மண்ணில் தொப்பென்று உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்து உலுக்கி, டீக்கடைவரை கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஐயா! என்னங்க பண்ணுது?"

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் கண்ணைக் கொஞ்சம் திறந்திருந்தார். "இருட்டினு வருதும்மா" என்றார். "சக்கர இருக்குது... மாத்திர போட்டுனு... ஒண்ணும் சாப்புடல, வெரதம்."

சர்க்கரை இறங்கிப்போயிருந்தது. எதிரே ஒரு குவியல் வாழைப்பழம். ஒன்றை எடுத்து உரிக்க அவர் கையில் தெம்பில்லை.

"தரணி, டீ! சக்கர ஜாஸ்தியா!" என்று மலர் கத்தினாள். நான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். தரணி டீயோடு ஓடிவந்தான். மலர் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்து, வாய் வாயாகக் குடிக்கவைத்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள் நின்றாள்.

"இன்னாச்சும்மா?"

"மயங்கிட்டாரும்மா. சக்கர நோயி."

"அய்யோ, எங்க ஊட்டுக்காரருக்கும் அதுதான். இந்தா, என்கிட்ட வெல்லம் இருக்குது."

அவளுக்குப் பின்னால் ஒருவர் நின்று கேட்டார். அவருக்குப் பின்னால் இரண்டு இளைஞர்கள். "காத்து வுடுங்க, தள்ளி நில்லுங்க" என்று ஒருவர் கூட்டத்தை விலக்கினார். ஒருவர் துண்டால் விசிறினார். மௌனமாக நடந்துகொண்டிருந்த ஒரு மனிதர் வந்து, பேசாமல், அவர் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டார். சற்று முன்பு பழம் வைத்துவிட்டுப் போனவளும் திரும்பி ஓடிவந்தாள். "நான் சாமின்னு நெனச்சுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ரயில் நிலையப் படிக்கட்டில் மலர் கண்டது, எந்த விதிப்படி சென்ற முறை வரவில்லையோ அதே விதிப்படி, என் கண் முன்னால் அப்படியே வந்தது. நின்றார்கள், வாய் திறந்து கேட்டார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர். எங்களில் ஒருவர் கையிலும் பேனா இல்லை. கேமரா பைக்குள் இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. போகும்போது தெளிவாகப் பேசினார். பிழைத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. கூட்டம் கலைந்து இடப்பக்கமாக நடக்கத் தொடங்கியது. மலர் இன்னும் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். புடவையெல்லாம் மண், டீக் கறை. பக்கத்தில் போய் நானும் உட்கார்ந்தேன்.

எனக்கு மண்டைக்குள் கேள்வியாக ஓடிக்கொண்டிருந்தது. தோழி மெல்லக் கேட்டபோது நிற்காத கூட்டம் இவளுக்கு ஏன் நின்றது? இவள் கத்தியதாலா? தரையில் உட்கார்ந்ததாலா? சாமியாரை யாரும் தோளைப் பிடித்து உலுக்க மாட்டார்கள் என்பதாலா? ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து பார்க்க வேண்டும். பின்னாளில் அவள் அதைத்தான் செய்தாள். அந்த அதிகாரியும் தன்னார்வலர்களை நிறுத்தி, குனியாதீங்க, பக்கத்துல உக்காந்து சத்தமா கேளுங்க என்று சொல்லிக்கொடுத்தார். தாமதமாகத்தான் என்றாலும் மலரும் பட்டம் வாங்கினாள். வரவில்லை என்ற அத்தியாயம் வரவில்லை என்றே அதில் இருக்கிறது. ஆனால் அன்று காலையில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

"மேடம்" என்றாள் மலர். "நாம பழத்தைச் சேத்து எண்ணியிருந்தா, இவரை உதவி கெடைச்சவர்னுதானே எழுதியிருப்போம்?"

"ஆமா."

"ஜனங்களே பாத்துக்கறாங்கன்னு சார் வாலண்டியரும் வேணாம்னு இருப்பாரு."

"இருப்பாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப நடந்ததைக் கணக்குல சேக்க முடியாது, இல்ல மேடம்?"

"முடியாது. ஒரே ஒருத்தர். முன்கூட்டி எழுதி வெக்கல. பாத்ததும் நாமதான்."

"தெரியும். சும்மா கேட்டேன்."

அந்த மனிதர் எந்த ஊர், என்ன பெயர் என்றுகூட எனக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆய்வில் எதிர்ப்படுகிறவர்களின் பெயரை நாங்கள் கேட்பதில்லை, அது விதி. அதனால் வாய்க்குள்ளேயே சொல்வதுபோல, "பேர் என்னவோ" என்றேன்.

"சேகர்" என்றாள் மலர். "போளூர்ல வேன் ஓட்டறாரு. ரெண்டு பொண்ணுங்க. பெரியவ ப்ளஸ் டூ."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"கேட்டேன் மேடம்" என்றாள்.